இருதயம் எழுதும் கோடு

மாமாங்கத் தீர்த்தத் திருவிழா முடிந்து, கடைக்காரர்கள் தங்கள் பந்தல்களைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் தாயார் ஒருவர் என் வீட்டுப் படலையைத் தட்டினார். அவர் கையில் அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் பிரதி இருந்தது. அவருடைய மகள் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியற் பிரிவில் இரண்டாம் முறையும் தோற்றியவள். மூன்று பாடங்களிலும் சித்தி; எனினும் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளியை எட்ட முடியவில்லை.

"சேர், இந்தப் பிள்ளை ஈ.சி.ஜி. எடுக்கிற படிப்புக்கு விண்ணப்பம் போடப்போறன் எண்டு நிக்குது. டொக்டராக்க வேணுமெண்டு ரியூசனுக்குக் கொட்டின காசெல்லாம் இதுக்குத்தானா? நீங்க சொன்னாக் கேப்பாள். மூண்டாந் தரமும் எழுதச் சொல்லுங்க" என்றார்.

"இதற்கு விடையை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதுகிறேன் தங்கச்சி, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். விடை தெரியாமையால் அவ்வாறு சொல்லவில்லை. இதே கேள்வியைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் கேட்டபோது, ஒரு கணமும் சிந்தியாது விடை சொன்னவன் நான். அந்த விடையின் விலையை இன்னொரு பிள்ளை செலுத்தினான். அதனைக் கட்டுரையின் இறுதியில் கூறுகிறேன். அதற்கு முன், அந்தத் தாயார் "ஈ.சி.ஜி. எடுக்கிற படிப்பு" என்று ஒரே மூச்சில் ஒதுக்கிவிட்ட தொழில் எத்தகையது என்று பார்ப்போம்.

துடுப்பும் குழலும்

பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகில் வள்ளத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் அமிழ்த்தி, மறுமுனையிலே காதை வைத்துப் பாடும் மீனின் ஓசையைக் கேட்பது மட்டக்களப்பாருக்குப் பழைய வழக்கம். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரியும், வள்ளத்தின் பலகையிற் காதை வைத்தபோது அவ்வோசை பெருகிக் கேட்டதெனத் தமது நூலிற் குறித்துள்ளார்.

அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1816இல், பாரிஸ் நகரத்து வைத்தியர் லெனெக் என்பாருக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. இருதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தியின் மார்பிலே காதை வைத்துச் சோதிக்க அவர் கூசினார். கடதாசியைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். துடிப்பு முன்னிலும் தெளிவாகக் கேட்டது. பின்னர் அதனையே மரத்தினாற் செய்துகொண்டார். வைத்தியரின் கழுத்திலே இன்று நாம் காணும் குழாய் அவ்வாறு பிறந்ததேயாகும். எங்கள் வள்ளக்காரரின் துடுப்புக்கும் லெனெக்கின் குழலுக்கும் பௌதிகவியல் ஒன்றே.

ஆயினும் காதாற் கேட்ட ஓசை கேட்ட மாத்திரத்தில் மறைந்துவிடும். நேற்றைய துடிப்பையும் இன்றைய துடிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் அதனை எழுத்தில் வைக்க வேண்டும். அந்த எழுத்தைத் தேடிய கதை சுவையானது.

ஒல்லாந்தர் ஒருவரின் நூலிழை

புளியந்தீவுக் கோட்டையைக் கடந்து செல்லும் மாணவர்களுக்கு ஒல்லாந்தர் புதியவரல்லர். போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பிய அக்கோட்டையை 1638இல் கைப்பற்றியவர்கள் அவர்கள். அந்த இனத்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன், 1860இல் யாவாத் தீவின் செமராங் நகரிலே பிறந்தார். தந்தையாரை இளமையில் இழந்து, தாயாருடன் ஒல்லாந்து சென்று கற்று, லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இருதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்னும் அதன் தசையிலே சிறிய மின்னோட்டம் ஒன்று பரவுகின்றது. அதன் சாயல் தோலின் மேற்பரப்பு வரை வந்து சேர்கின்றது. 1887இல் இலண்டனில் ஒகஸ்ரஸ் வொலர் என்பவர் மனிதரில் அதனை முதன்முதலாகப் பதிவு செய்து காட்டினார். ஆனால் அவரது கருவி மந்தமானது. ஐந்தோவன், தலைமயிரினும் மெல்லிய குவார்ட்ஸ் இழைக்கு வெள்ளி பூசி, வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே கட்டினார். இருதயத்தின் மின் அந்த இழையிற் பாயுந்தோறும் அது யாழ் நரம்புபோல் அசைந்தது. அவ்வசைவின் நிழல் படத்தட்டிலே கோடாக விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நிறைவெய்திய இக்கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோகிராம். அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி இருக்க வேண்டும். உப்புநீர் மின்னை நன்கு கடத்தும் என்பதை மாணவர்கள் அறிவர்.

கோட்டின் அலைகளுக்கு அவர் இட்ட பீ, கியூ, ஆர், எஸ், ரீ என்னும் எழுத்துக்களையே உலகத்து வைத்தியர் யாவரும் இன்றும் வழங்குகின்றனர். 1924ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அவர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி ஒன்றை நான் வகுப்பிலே அடிக்கடி கூறுவதுண்டு. அக்கருவியை உருவாக்கும் வேலையில் வான் டர் வோர்ட் என்னும் கைவினைஞர் ஒருவர் அவருக்கு நெடுங்காலம் துணை நின்றார். பரிசுப் பணம் கிடைத்ததும் அதிற் பாதியை அவருக்கு அளிக்கப் பேராசிரியர் அவரைத் தேடிச் சென்றாராம். அவரோ இறந்துவிட்டிருந்தார். வறுமையில் வாழ்ந்த அவருடைய சகோதரிகள் இருவரைக் கண்டு, பாதிப் பணத்தை அவர்களிடமே சேர்ப்பித்தார் என்பர். கருவியைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு உரியதென உலகம் முடிவு செய்த பின்னரும், இழையை இழுத்த கையை மறவாத மனிதர் அவர்.

பத்து மின்வாய்கள்

270 கிலோ எடையுள்ள அக்கருவி இன்று ஒருவர் கையில் எடுத்துச் செல்லும் பெட்டியாகிவிட்டது. தொட்டிகள் போய், ஒட்டும் மின்வாய்கள் வந்துள்ளன. கை கால்களில் நான்கும் மார்பில் ஆறுமாகப் பத்து மின்வாய்கள் பொருத்தப்படுகின்றன. இவற்றின் மூலம் இருதயத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து நோக்கிய பன்னிரண்டு வரைவுகள் கிடைக்கின்றன. கடதாசி ஒரு செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் நகர்கிறது. ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 செக்கன், ஐந்து சிறு கட்டம் கொண்ட பெரிய கட்டம் 0.2 செக்கன். துடிப்பு ஒழுங்காக இருக்குமானால், அடுத்தடுத்த இரு சிகரங்களுக்கிடையே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி, 300ஐ அவ்வெண்ணால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது தெரிந்துவிடும். நான்கு கட்டமாயின் 75. இவ்வளவு கணிதத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும்.

செய்யக் கடினமானது வேறொன்று. மார்பின் முதலாவது மின்வாயை மார்பெலும்பின் வலப்பக்கத்தில் நான்காம் விலா இடைவெளியில் வைக்க வேண்டும். இரண்டாவது அதற்கு நேரே இடப்பக்கத்தில். நான்காவது, காறையெலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில், ஐந்தாம் விலா இடைவெளியில். மூன்றாவதை இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நடுவே வைப்பர். ஐந்தாவதும் ஆறாவதும் நான்காவதன் மட்டத்திலேயே அக்குட்பக்கமாகச் செல்லும். விலா இடைவெளிகளைக் கண்ணால் மதிப்பிடாது விரலால் எண்ணி அறிய வேண்டும். மெலிந்தவரில் எளிது, பருத்தவரில் அரிது. ஓர் இடைவெளி மேலே வைத்துவிட்டால், இல்லாத நோய் இருப்பதுபோற் கோடு காட்டலாம். இருக்கும் நோய் மறைந்தும் போகலாம். எத்துணைப் பெரிய நிபுணராயினும் தம் கைக்கு வந்த கோட்டைத்தான் வாசிக்க முடியும். எழுதியவர் பிழைத்தால் வாசிப்பவரும் பிழைப்பார்.

பிறிதொரு செய்தியையும் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நன்று. இக்கருவி உடலுள் மின்னைச் செலுத்துவதில்லை. உடலில் உள்ள மின்னை எடுத்து எழுதுகிறது. என் மாமியார் முதன்முறை படுக்கையில் ஏறியபோது, "மனே, கரண்ட் அடிக்காதுதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடிக்காது. மேலும், ஒரு முறை எடுத்த கோடு சரியாக இருப்பதனால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று கொள்ளவும் இயலாது. நெஞ்சு நோவு தொடருமானால் வைத்தியர் மீண்டும் மீண்டும் எடுக்கச் சொல்வார், இரத்தத்தையும் சோதிப்பார். "நேற்று எடுத்தது சுகமாக இருந்தது" என்று வீட்டில் இருந்துவிடுதல் தவறு.

ஒரு நள்ளிரவு

நோயாளியின் பக்கத்திலிருந்து இத்தொழிலைப் பார்க்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது. ஈராண்டுகளுக்கு முன் ஓர் இரவு, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேளையில், நெஞ்சின் நடுவே ஒரு பாரம். வியர்த்துக் கொட்டிற்று. மைத்துனர் முச்சக்கரவண்டியில் ஏற்றி அரசினர் வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுபோனார். நெஞ்சு நோவுடன் வருபவருக்குப் பத்து நிமிடத்துள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது வைத்திய உலகம் ஏற்ற விதி. எனக்கும் விரைவிலேயே எடுத்தார்கள்.

திரையை இழுத்து மறைத்துவிட்டு வந்த இளம்பெண்ணை முதலில் நான் அடையாளம் காணவில்லை. "சேர், நான் உங்களிட்டப் படிச்சனான்" என்றாள். மூன்றாம் வரிசையில் அமைதியாக இருந்து, கேட்டால் மட்டும் விடை சொன்ன பிள்ளை. அவளிடம் நான் பெரிதாக எதனையும் எதிர்பார்த்ததில்லை என்பதை வெட்கத்துடன் இங்கே எழுதுகிறேன்.

கருவி ஓடிற்று, கடதாசி வெளிவந்தது. வைத்தியர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கோட்டை ஒரு கணம் உற்று நோக்கினாள். நிமிர்ந்து நிற்க வேண்டிய முதலாம் வரைவு தலைகீழாக இருந்தது. கவிழ்ந்திருக்க வேண்டிய வேறொரு வரைவு நிமிர்ந்து நின்றது. மார்பின் வரைவுகள் மட்டும் ஒழுங்காக இருந்தன. "டொக்டர், வலது கை வயரும் இடது கை வயரும் மாறிப்போச்சு. என்ட பிழைதான். இன்னொருக்கா எடுக்கிறன்" என்றாள். முதற் கடதாசியின் குறுக்கே கோடிட்டுப் 'பிழை' என்று எழுதினாள். வயர்களை மாற்றி மீண்டும் எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

எனக்கு வந்தது பெரிய ஆபத்து அன்று. மருந்தாலும் நடையாலும் ஆளப்படுகிற அளவில் நின்றது. ஆயினும் அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்கவில்லை. நள்ளிரவு, ஓய்வில்லாத பணி, எதிரே நிற்பவர் வைத்தியர், படுத்திருப்பவர் தன் ஆசிரியர். இத்தனைக்கும் நடுவே "என் பிழை" என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். அதைச் சொல்வதற்கு முன், அது பிழை என்று காணும் அறிவு வேண்டும். பரீட்சையில் நாம் புள்ளியிடும் அறிவும், புள்ளியிடவே தெரியாத நேர்மையும் ஒருங்கே வேண்டப்படும் தொழில் அது என்று அன்றுதான் கண்டேன்.

ஒரு துறை, பல வாசல்கள்

ஈ.சி.ஜி. இத்துறையின் முதல் வாசல் மாத்திரமே. உள்ளே வேறு வாசல்களும் உள்ளன.

நகரும் பட்டியில் நோயாளியை நடக்கவிட்டு, மும்மூன்று நிமிடங்களுக்கொருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி, உழைக்கும் இருதயத்தைப் பதிவு செய்வது ஒன்று. சிறு கருவியை உடலிற் கட்டி அனுப்பி, 24 மணி நேரத் துடிப்பையும் பதிந்து ஆராய்வது இன்னொன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை துடிக்கும் இருதயத்தில் எங்கோ ஒரு மூலையில் வந்து மறையும் தடுமாற்றத்தை அதனாற் பிடிக்க இயலும்.

எதிரொலிச் சோதனை வேறொரு வாசல். ஆழ்கடலுக்குச் செல்லும் நம் மீனவர்கள் ஒலியலையை நீருள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு மீன் கூட்டத்தை அறிகின்றனர் அல்லவா? அதே முறை. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் 1953இல் எட்லர் என்னும் வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிகவியலறிஞரும், உலோகத்தின் உள்ளே உள்ள வெடிப்பைக் கண்டறிவதற்காகக் கப்பல் கட்டும் தளத்திற் பயன்பட்ட கருவியைக் கொண்டு இருதயத்தின் அசைவை முதன்முதல் பதிவு செய்தனர். இன்று வால்வு திறந்து மூடுவதையும், இருதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதையும் திரையிலே காண்கிறோம்.

மூன்றாவது, வடிகுழாய் ஆய்வுகூடம். 1929இல் வேர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இளம் வைத்தியர், மேலோரின் தடையை மீறித் தம் கையின் நாளத்தினூடாகக் குழாய் ஒன்றை இருதயம் வரை செலுத்திக்கொண்டு, தாமே நடந்து சென்று எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார். ஏளனம் செய்த உலகம் 1956இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கொடுத்தது. வட இந்தியாவில் அத்தகைய ஆய்வுகூடத்தை 1954இல் டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாக அமைத்தவர் ஒரு பெண்மணி. யப்பானியப் படையெடுப்பின்போது 1942இல் பர்மாவை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பெண்ணாகிய வைத்தியர் பத்மாவதி அவர். 2020இல், 103ஆவது வயதில் மறைந்தார். இந்த ஆய்வுகூடத்தில் வைத்தியர் குழாயைச் செலுத்தும்போது, ஈயக் கவசம் அணிந்து, அழுத்த அலைகளையும் துடிப்பையும் கண் இமையாது நோக்கி, மாறுதலை உடனே எடுத்துச் சொல்பவர் தொழில்நுட்பர்.

துடிப்பூட்டிக் கருவிகளைச் சோதித்துச் சீர்செய்வோரும் உளர். 1958இல் ஸ்டொக்ஹோம் நகரில் முதன்முதலாக அக்கருவியை உடலுள் பொருத்திக்கொண்ட ஆர்னே லார்சன், அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளின் துணையுடன் 2001 வரை வாழ்ந்தார்! இருதயத்தையும் சுவாசப்பையையும் நிறுத்திவிட்டு அவற்றின் வேலையைப் பொறியாற் செய்யும் பணியாளரும் உளர். ஜோன் கிப்பன் தம் மனைவி மேரியுடன் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய பொறி, 1953ஆம் ஆண்டு மே 6ஆந் தேதி ஓர் இளம்பெண்ணின் உயிரை 26 நிமிடங்கள் தாங்கி நின்றது. சென்னை பெரம்பூர் இரயில்வே வைத்தியசாலையில் 1975இல் வைத்தியர் செரியன் இந்தியாவின் முதலாவது இருதய மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைச் செய்ததையும் நம்மவர் அறிவர். அத்தகைய சிகிச்சை ஒவ்வொன்றிலும், பெயர் வெளிவராத தொழில்நுட்பர் பலரின் கைகளும் இருக்கும்.

சத்திரவைத்தியரின் பின்னால் நின்றவர்

"அது டொக்டருக்கு எடுபிடி வேலைதானே" என்று கருதுவோருக்கு விவியன் தோமஸ் என்பாரின் வரலாற்றைக் கூறுவேன். 1910இல் அமெரிக்காவிற் பிறந்த கறுப்பின இளைஞர். தச்சு வேலை தெரிந்தவர். வைத்தியராகும் எண்ணத்தோடு சேர்த்து வைத்த பணம், பொருளாதார மந்தத்தில் வங்கி முறிந்தபோது போயிற்று. 1930இல் பிளேலொக் என்னும் வைத்தியரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஆய்வுகூடத்தில் நுண்ணிய பணிகள் செய்தபோதிலும், பதிவேட்டில் அவருக்கு இடப்பட்ட தரமும் சம்பளமும் துப்புரவுப் பணியாளருக்குரியவை.

உடல் நீலம் பூத்து இறந்துகொண்டிருந்த குழந்தைகளைக் காப்பதற்கான சத்திரசிகிச்சை முறையை, வைத்தியர் ஹெலன் தவுசிக்கின் யோசனையைப் பின்பற்றி, நாய்களிலே செய்து செய்து தேறியவர் தோமஸ். 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் தேதி ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் முதலாவது குழந்தைக்கு அச்சிகிச்சை நடைபெற்றபோது, பிளேலொக் கேட்டுக்கொண்டபடி, அவர் பின்னால் ஒரு படிக்கட்டையின் மேல் நின்று, தையல் எப்படிச் செல்ல வேண்டும் என்று தோமஸ் கூறிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் புகழ் பெற்ற சத்திரவைத்தியர் பலர் அவரிடம் கைத்திறன் கற்றவர்கள். 1976இல் அப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. பட்டம் வந்தது 1976இல். குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதோ 1944இல்.

எப்படிச் சேர்வது?

நம் நாட்டில் ஈ.சி.ஜி. பதிவாளர் பயிற்சிக்குச் சுகாதார அமைச்சு அரசாங்க வர்த்தமானி மூலம் காலத்துக்குக் காலம் விண்ணப்பம் கோருவது வழக்கம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களைக் கற்றவர்களுக்கே இது பெரிதும் உரியது. வயதெல்லை, சித்தி, பயிற்சிக் காலம் ஆகியவற்றை அவ்வப்போது வரும் அறிவித்தலை நேரே வாசித்து அறிந்துகொள்க. அயலவர் சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். முடிவுத் தேதி கடந்த பின் ஓடி வருவோரை ஆண்டுதோறும் காண்கிறேன்.

தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் இருதயத் தொழில்நுட்பத்துக்கெனவே பி.எஸ்.சி. பட்டப்படிப்பு உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருதய ஆய்வுகூடத் தொழில்நுட்பத்தில் இரண்டாண்டு டிப்ளோமா நடத்துகின்றது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தகைய தொழில்களைத் தேசிய ஆணைக்குழு ஒன்றின் கீழ்க் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் இவர்களை இருதய உடற்றொழிலியலர் என்பர். அங்கும் பட்டப்படிப்பு வேண்டும். பணம் கட்டிச் சேரும் எந்தக் குறுங்காலப் படிப்பாயினும், அதன் சான்றிதழை வைத்தியசாலைகள் ஏற்குமா என்று விசாரித்த பின்னரே காசை எடுங்கள்.

சான்றிதழில் எழுதப்படாத தகைமைகளும் சில உள்ளன. கை பதறாமை வேண்டும். கண்ட நோயை ஒழுங்கையிற் சொல்லாத வாயடக்கம் வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்திருத்தல் நன்று. தமிழோ நன்றாகவே தெரிய வேண்டும். "நெஞ்சுக்க இறுக்குது", "பாரமாக் கிடக்கு", "கை உளையுது" என்று நோயாளி முனகுவதை முதலிற் கேட்பவர் பல வேளைகளில் இவரே. அதற்கும் மேலாக, எங்கள் ஊர்ப் பெண்கள், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், மார்பைத் திறந்து காட்டக் கூசி நோவை மறைப்பதுண்டு. லெனெக்கின் கூச்சம் இருநூறாண்டு கடந்தும் மறைந்துவிடவில்லை. அந்தத் திரைக்குள் ஒரு பெண் நின்று, "பயப்படாதீங்க உம்மா", "கொஞ்சம் பொறுங்க அம்மா" என்று சொல்வாளாயின், காலந்தாழ்த்தி வரும் ஓர் உயிர் காலத்துக்கு வந்து சேரும்.

நான் செய்த பிழை

இனி நான் முதலிற் குறிப்பிட்ட மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திற் பல காலம் பழுதாய்க் கிடந்த கல்வனோமானியை, ஒருவரும் கேளாமலே, ஒரு சனிக்கிழமை முழுதும் இருந்து திருத்தியவன் அவன். சுருளையும் ஊசியையும் அவன் தொட்ட விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் முறையும் மருத்துவம் கிடைக்காதபோது, இதே பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று அவனுடைய தந்தையார் வந்து கேட்டார். "உங்கள் மகனுக்கு இது போதாது, மூன்றாம் முறையும் எழுதட்டும்" என்றேன். அவன் எழுதினான். புள்ளி முன்னையிலும் குறைந்தது. விண்ணப்ப முடிவுத் தேதியும் கடந்துபோயிற்று. இன்று மத்திய கிழக்கு நாடு ஒன்றின் பண்டசாலையில் வேலை செய்கிறான். உழைத்து உண்ணும் எந்தத் தொழிலும் இழிவன்று. அவன் அனுப்பும் பணத்தில் இரு தங்கைமார் கரைசேர்ந்தனர். ஆயினும் மெல்லிய இழையையும் நடுங்காது தொடத் தெரிந்த அக்கைகள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கின்றன. ஐந்தோவன் தேடிச் சென்ற கையும் அத்தகையதே. எனக்கோ அது என் வகுப்பறையிலேயே இருந்தும் தெரியவில்லை.

அவன் என்னைக் குறைகூறியதில்லை. புத்தாண்டுதோறும் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பான். அதுவே எனக்குத் தண்டனை.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். மருத்துவம் உயர்ந்த கல்வி; பிள்ளைக்கு அதில் உண்மையான வேட்கையும் இன்னொரு முறை எழுதும் வலிமையும் இருக்குமாயின் நான் தடுக்க மாட்டேன். ஆனால் மூன்றாம் முறை எழுத விரும்புவது அவளா, நாமா? வர்த்தமானியைத் தேடிப் பிரதி எடுத்து வந்தவள் அவள். தோற்றுப்போனவள் அவ்வாறு தேடமாட்டாள். அந்தப் படிவத்தை அவள் தன் கையாலேயே நிரப்பட்டும். சான்றுப்படுத்தும் இடத்தில் ஆசிரியரின் கையொப்பம் வேண்டுமாயின், படலையைத் தட்டத் தேவையில்லை, திறந்தே வைத்திருக்கிறேன்.